ட்யூன் செய்த காருக்குச் சத்தமில்லாத ஃப்யூயல் பம்ப்: 255, 340, 450, 044 எது சரி?

பவர் ஏற்றிய காரில் பம்ப் மாற்றியதும் பலருக்கு முதலில் தெரிவது பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓயாமல் கேட்கும் ரீங்காரம்தான். சிக்னலில் நிற்கும்போது அது மண்டையைக் குடையும். "பெரிய பம்ப் என்றால் சத்தம் வரத்தான் செய்யும்" என்ற பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம். மணிக்கு 340 லிட்டர் தள்ளும் பம்ப் 255 லிட்டர் பம்பைவிட அமைதியாக ஓடுவது சகஜம். உள்ளே சுற்றும் பாகம் எந்த வகை, அது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றும்தான் சத்தத்தை முடிவு செய்கின்றன.

ஜெரோட்டர், ரோலர் வகை பம்புகள் பெட்ரோலைச் சிறு சிறு அறைகளில் அடைத்துத் தள்ளுகின்றன. ஒவ்வொரு அறையும் வெளிவாசலில் திறக்கும்போது அழுத்தத்தில் ஒரு குத்து விழும். சுற்றுக்கு ஐந்து குத்து, நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்தால் 500 ஹெர்ட்ஸ். காது நன்றாகப் பிடிக்கும் ஒலி அது. காரின் அடித்தகடும் கூடச் சேர்ந்து அதிரக்கூடிய ஒலி. டர்பைன் வகையில், ஓரம் முழுக்கப் பல டஜன் இதழ்கள் வெட்டிய ஒரே சக்கரம் சுற்றுகிறது. குத்துகள் சின்னவை, அதிர்வெண்ணோ பல மடங்கு அதிகம். பெட்ரோலும் ஹோஸும் ரப்பரும் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

டர்பைனுக்கும் பலவீனம் உண்டு. உறிஞ்சும் பக்கம் கொஞ்சம் அடைத்தாலும், பெட்ரோல் சூடானாலும், ஆவிக் குமிழிகள் உள்ளே புகுந்தாலும் அது உடனே தடுமாறும். சக்கரத்துக்கும் உறைக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் தூசியையும் தாங்காது. அதனால் டர்பைன் வாங்கினாலே அமைதி வந்துவிடாது, பொருத்துவதிலும் கவனம் வேண்டும்.

அளவை முதலில் கணக்குப் போடுங்கள்

டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பூஸ்ட்டில் (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தில்) ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ எரிபொருள் குடிக்கும். 400 குதிரைசக்திக்கு 108 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி 0.74 என்று வைத்தால் 146 லிட்டர். 20 சதவீதம் கையிருப்பு சேர்த்தால் ஏறக்குறைய 175 லிட்டர். இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) ஓட்டினால் இதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டிக்கொள்ளுங்கள், 240 லிட்டர் பக்கம் வரும்.

இந்த அளவு எந்த அழுத்தத்தில் கிடைக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் 3 பார் அருகில், 13.5 வோல்ட்டில் அளந்தது. அழுத்தம் ஏற ஏறவும் வோல்ட் குறையக் குறையவும் அது இறங்கிக்கொண்டே போகும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் 65 பிஎஸ்ஐ (அதாவது 4.5 பார்) கோட்டைப் பார்த்து, அங்கே உங்கள் தேவை நிறைவேறுகிறதா என்று முடிவெடுங்கள். தேவைக்கு மேல் இரண்டு படி பெரிதாக வாங்குவது சத்தத்தை விலைக்கு வாங்குவதுதான்.

வால்ப்ரோ 255

ஜிஎஸ்எஸ்342 என்ற எண்ணில் பல ஆண்டுகளாக ஓடும் ஜெரோட்டர் பம்ப். உறுதியானது, சூட்டையும் ஓரளவு அழுக்கையும் தாங்கும், 39 மில்லிமீட்டர் உடல் என்பதால் பல கார்களின் ஹேங்கரில் (டேங்குக்குள் பம்பைப் பிடிக்கும் சட்டம்) வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். பெட்ரோலில் 400 குதிரைசக்தி வரை கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ரீங்காரம் நிச்சயம் கேட்கும். ரப்பர் உறையைச் சரியாகப் போட்டால் குறையும், போகாது. இதற்குப் போலிகள் ஏராளம், அவற்றின் சத்தம் இன்னும் மோசம். உடலில் எழுத்து கலங்கலாக அச்சாகியிருந்தாலோ மின் இணைப்புப் பிளாஸ்டிக் சொரசொரப்பாக இருந்தாலோ கையில் எடுக்காதீர்கள். அமைதிதான் குறி என்றால் அசல் 255கூட என் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில்தான்.

340 வகுப்பு டர்பைன்கள்

டாய்ச்வெர்க்ஸ் டிடபிள்யூ300, ஏரோமோட்டிவ் 340 ஸ்டெல்த், ஏஇஎம் 340 மூன்றும் இந்த வகுப்பில் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றும் டர்பைன், மூன்றும் 255 வால்ப்ரோவின் இடத்தில் உட்காரும் அளவிலேயே வருகின்றன. சரியாகப் பொருத்தினால் கதவை மூடி இன்ஜினை ஓடவிட்ட பிறகு பம்ப் ஓடுவதே தெரியாத நிலையை இவற்றில் எட்டலாம். ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்கச் சத்தம் ஒரு காரணமாகாது. உறிஞ்சும் வாய் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, உங்கள் டேங்குக்கு ஏற்ற சாக் ஃபில்டர் (உறிஞ்சும் வாயில் மாட்டும் பை போன்ற வடிகட்டி) கூட வருகிறதா, இ85 தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதித் தருகிறாரா என்பவற்றை வைத்து முடிவெடுங்கள். ஏஇஎம்மில் பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் தனித்தனி மாடல் உண்டு, மாற்றி வாங்கிவிடக் கூடாது.

மின்சாரம் சுமார் 10 ஆம்ப் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள வயரிங் சில கார்களில் சமாளிக்கும், பழைய கார்களில் திணறும். 300 முதல் 500 குதிரைசக்தி வரை தெருவில் ஓடும் பெட்ரோல் காருக்கு இந்த வகுப்பைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. காம்பாக்ட் உடல் மட்டுமே நுழையும் டேங்க் என்றால் டிடபிள்யூ65சி போன்ற சின்ன டர்பைன்கள் இருக்கின்றன. மணிக்கு 265 லிட்டர், அதே அமைதி.

வால்ப்ரோ 450

பெயர் ஒன்றாக இருந்தாலும் 255இன் வம்சம் இல்லை. இதுவும் டர்பைன்தான், இயல்பில் அமைதியானது. சிக்கல் மின்சாரத்தில் தொடங்குகிறது. 3 பார் அழுத்தத்திலேயே 15 ஆம்ப் பக்கம் இழுக்கும். 13.5 வோல்ட்டால் பெருக்கினால் 200 வாட். இன்ஜின் ஐடிலில் (கார் நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையில்) இருக்கும்போது தள்ளிய பெட்ரோலில் பெரும்பகுதி ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. அந்த 200 வாட்டும் கடைசியில் சூடாகப் பெட்ரோலில்தான் இறங்குகிறது. டேங்கில் கால் பங்கு மட்டும் இருக்கும் நாளில் நெரிசலில் மாட்டினால் பெட்ரோல் சூடேறி ஆவிக் குமிழி எழும். அமைதியாக ஓடிய டர்பைன் அப்போது கரகரவென்று கத்த ஆரம்பிக்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதியதும் அதே மாலை கத்தும்.

இன்னொன்று, திரும்பும் குழாய். தொழிற்சாலை ரெகுலேட்டரால் இவ்வளவு பெட்ரோலை விட முடியாமல், ஐடிலில் அழுத்தம் தானாக ஏறும். ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். 43 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய இடத்தில் 50 காட்டினால் திரும்பும் வழி போதவில்லை. பெரிய ரெகுலேட்டர், தடித்த திரும்பும் குழாய் இரண்டும் இல்லாமல் 450 போடுவது வீண். இதன் மேல் உடல் 39 மில்லிமீட்டரைவிடத் தடிமன் என்பதால் ஹேங்கரில் வெட்ட வேண்டியும் வரலாம். இ85இல் 600 குதிரைசக்தியைத் தொடுபவருக்கு இது நியாயமான தேர்வு. 350 குதிரைசக்தி காருக்கு வேண்டாம்.

போஷ் 044

டேங்குக்கு வெளியே பொருத்தும் ரோலர் பம்ப். உயர் அழுத்தத்தில் அளவு குறையாமல் தள்ளும் திறமையால்தான் பந்தயக் கார்களில் பேர் வாங்கியது. சத்தத்தில் இதுதான் கடைசி. தானாக உறிஞ்சுவதில் பலவீனம். டேங்கைவிடத் தாழ்வாக வைத்தோ, டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றித் தரும் தனி லிஃப்ட் பம்பும், அதைத் தேக்கி வைக்கும் சின்ன சர்ஜ் டேங்கும் கொடுத்தோதான் ஓட்ட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் கத்திக்கொண்டே சாகும். அமைதி வேண்டும் என்கிறவர் இதைத் தொடவே வேண்டாம்.

இரட்டை பம்பும் பிரஷ்லெஸ்ஸும்

பெரிய பவரும் வேண்டும், ஐடிலில் அமைதியும் வேண்டும் என்றால் இரண்டு நல்ல வழிகள். முதலாவது, இரண்டு 340 வகுப்பு டர்பைன்கள். ஒன்று எப்போதும் ஓடும், இரண்டாவது ஹாப்ஸ் சுவிட்ச் (அழுத்தம் ஏறினால் இயங்கும் சுவிட்ச்) வழியாக 5 முதல் 8 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி செக் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் தூங்கும் பம்ப் வழியாகப் பெட்ரோல் பின்னோக்கி ஓடிவிடும். ஆபத்து என்னவென்றால், இரண்டாவது பம்ப் செத்தால் தெரியாது. பூஸ்ட்டில் எரிபொருள் வறண்டு பிஸ்டன் உருகும்போதுதான் தெரியும். எரிபொருள் அழுத்த சென்சாரை இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைத்து, அழுத்தம் விழுந்தால் பூஸ்ட்டை வெட்டும்படி அமைத்த பிறகே இந்த வழியில் இறங்குங்கள்.

இரண்டாவது, பிரஷ்லெஸ் பம்பும் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாதது) அதன் கன்ட்ரோலரும். தேவைக்கேற்ப வேகம் மாறுவதால் ஐடிலில் மெதுவாகச் சுற்றும், சூடும் குறையும். சத்தத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. விலையும் வயரிங் வேலையும் அதிகம் என்பதே தடை.

தொழிற்சாலை வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றாதீர்கள்

பல டர்போ கார்களில் பம்பை ஐடிலில் மெதுவாக ஓட்டும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் கன்ட்ரோலர் 33, 66, 100 சதவீதம் என்று மூன்று படிகளில் ஓட்டுகிறது. பம்ப் மாற்றும்போது ரிலே போட்டு நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டால் இது போய்விடும். நேற்றுவரை கேட்காத பம்ப் இன்று முழு வேகத்தில் பாடும். முதல் படியை வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 33 சதவீதத்தில் பெரிய டர்பைன் அழுத்தத்தைப் பிடிக்காமல் தள்ளாடலாம். ஐடில் நடுங்கினால் இசியூவில் அந்தப் படியை உயர்த்த வேண்டும். தொழிற்சாலை கன்ட்ரோலர் தாங்கும் ஆம்ப்பையும் பாருங்கள், 15 ஆம்ப்பைக் கொடுத்தால் பலவற்றில் எரிந்துவிடும்.

பொருத்துவதில்தான் பாதி சத்தம்

பேட்டரி நெகடிவைக் கழற்றி, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கி, டேங்கில் பெட்ரோலைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பம்பின் உடலோ அதன் அடியோ ஹேங்கரின் உலோகத்தை எங்கேயும் தொடக் கூடாது. பழைய பம்பில் இருந்த ரப்பர் உறை, அடி மெத்தை இரண்டையும் எடுத்து இதில் போடுங்கள், பெட்ரோலில் ஊறிப் பிதுங்கியிருந்தால் புதியது வாங்குங்கள். பிளாஸ்டிக் டை மட்டும் கட்டி விட்டால் சில மாதங்களில் தளர்ந்து, பம்ப் சாய்ந்து உலோகத்தில் மோதும். திடீரென்று ஒருநாள் சத்தம் கூடினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டேங்குக்குள் போகும் ஹோஸ் எஸ்ஏஇ 30ஆர்10 முத்திரை உள்ளதாகவே இருக்க வேண்டும். சாதாரண இன்ஜெக்ஷன் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் மூழ்கினால் ஊதி, பிளந்து, அழுத்தத்தைக் கசியவிடும். ஹோஸை விறைப்பாக இழுத்து மாட்டாமல் லேசான வளைவு விடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வை நேராக ஹேங்கர் தொங்கும் டேங்க் மூடிக்குக் கடத்தும். சாக் ஃபில்டர் டேங்கின் அடியில் படுத்திருக்கட்டும், மடங்கக் கூடாது. மடங்கிய சாக் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். திரும்பும் குழாயின் முனை பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே முடியட்டும். மேலிருந்து கொட்டினால் நுரை எழுந்து அதே குமிழிகள் பம்புக்குள் போகும்.

வயருக்கு வருவோம். பம்பின் இணைப்பிலேயே மல்ட்டிமீட்டர் வைத்து, இன்ஜின் ஓடும்போது அளவெடுங்கள். பேட்டரி வோல்ட்டைவிட 0.5க்கு மேல் குறைந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர், 30 ஆம்ப் ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் என்று தனிப் பாதை போடுங்கள். 450க்கு மூடியில் உள்ள மின் முனைகளையும் தடித்ததாக மாற்ற வேண்டும், பழைய முனைகள் உருகிவிடும்.

சத்தம் இன்னும் இருந்தால் காரின் அடியைப் பாருங்கள். எரிபொருள் லைனைப் பிடிக்கும் கிளிப்புகளில் ரப்பர் கழன்று உலோகம் உலோகத்தில் பட்டால் அடித்தகடு முழுக்க முனகும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலைப் புதிதாகப் போட்டபோது, பழைய ரெயிலில் இருந்த டாம்பரை (அழுத்தக் குத்துகளை உள்வாங்கும் பாகம்) தூக்கி எறிந்திருந்தால், இன்ஜெக்டர் ஏற்படுத்தும் குத்துகளும் லைன் வழியாகக் கேபினுக்கு வரும். அதற்குப் பம்ப் பொறுப்பில்லை, ரெயிலில் ஒரு டாம்பரைத் திரும்பப் போட்டாலே போதும்.

எது காரணம் என்று பிரிக்க மூன்று சோதனைகள் போதும். வேக்யூம் ஹோஸைக் கழற்றி அழுத்தம் ஏறும்போது சத்தமும் ஏறினால், அது பம்பின் சுமைச் சத்தம். டேங்கை நிரப்பியதும் சத்தம் அடங்கினால் சூடு அல்லது உறிஞ்சும் பக்க அடைப்பு. ஹெட்லைட்டும் ஏசியும் போட்டதும் ஸ்வரம் இறங்கினால் வோல்ட் விழுகிறது, வயரிங்கைப் பாருங்கள். புதிய பம்ப் காற்றை வெளியேற்றும் முதல் சில நிமிடங்களில் வரும் சத்தத்தைக் கணக்கில் எடுக்காமல், அரை டேங்குக்கு மேல் நிரப்பி ஒரு சுற்று ஓட்டிய பிறகு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.