சிறுவன் கையில் எந்தத் தேர்: இரண்டு குதிரையா, நான்கு குதிரையா?

ரோமானியத் தேர்ப்பந்தயத்தை வைத்துச் சிறுவர் சாகசக் கதை எழுத உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: பன்னிரண்டு, பதின்மூன்று வயது நாயகனை நான்கு குதிரை பூட்டிய குவாட்ரிகாவில் ஏற்றுவதா, இரண்டு குதிரை பூட்டிய பிகாவிலா? பலரும் யோசிக்காமல் குவாட்ரிகாவுக்குப் போய்விடுகிறார்கள். என் ஓட்டு பிகாவுக்கு.

குவாட்ரிகாவுக்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. நிறத்தால் பெயர் பெற்ற பந்தய அணிகளில் ஒன்றான நீல அணியின் ஓட்டி க்ரெஸ்கென்ஸ், கி.பி. 115-இல் நான்கு குதிரைத் தேரில் முதல் வெற்றி பெற்றபோது வயது 13 தான். 686 பந்தயம் ஓடி, 47 முறை வென்று, 22 வயதில் இறந்தான். ஆகவே சிறுவனால் முடியாது என்ற ஆட்சேபம் நிற்காது. திருப்பக் காட்சிக்கும் குவாட்ரிகாவை மிஞ்ச ஆளில்லை. நடுவிலுள்ள இரண்டு குதிரைகள்தான் நுகத்தில்; ஓரத்து இரண்டும் இழுவை வாரில் மட்டும். ஓட்டம் எப்போதும் இடப்பக்கம் திரும்புவதால், இடதுகோடிக் குதிரைதான் உயிர்நாடி. அது திருப்பத்திலுள்ள கல்தூணை ஒட்டி வேகத்தை அடக்க, வலதுகோடிக் குதிரை பாய்ந்து சுற்றிவர வேண்டும். ஒரு சாண் நெருங்கினால் சக்கரக் குடம் தூணில் மோதும். ஒரு முழம் விலகினால் உட்புறம் எதிரி நுழைந்துவிடுவான்.

சிக்கல் எண்ணிக்கையில். ரோமின் பெரிய பந்தயக் களமான சர்க்கஸ் மாக்சிமஸில் புறப்பாட்டுக் கூண்டுகள் 12, ஒன்றுக்கு ஒரு தேர். எல்லாமும் திறந்தால் 48 குதிரைகள்! பத்து வயது வாசகர் மூன்றாவது சுற்றிலேயே யார் எங்கே என்று தொலைந்துபோவார். ஏழு சுற்று, ஏறக்குறைய 5 கி.மீ. ஓட்டம் இன்னும் பாக்கியிருக்கும்.

பிகாவில் இரண்டும் ஒரே ஏர்க்காலின் இருபுறம், ஒரே நுகத்தில். ஒன்று சோர்ந்தால் மற்றது அதையும் சேர்த்து இழுக்கும், தேர் ஒரு பக்கம் கோணும். முரட்டுக் குதிரை ஒன்று, பயந்த குதிரை ஒன்று என்று பெயரோடும் குணத்தோடும் முதல் அத்தியாயத்திலேயே அறிமுகப்படுத்திவிட்டால், பந்தயத்தின்போது வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது. இளம் ஓட்டிகள் தொழில் பழகிய தேரும் பிகாதான். ஃப்ளோரஸ் என்ற சிறுவனின் ரோமானியக் கல்லறைக் கல்வெட்டு அவனை 'பிகா ஓட்டிய குழந்தை' என்கிறது. தேரை அவசரமாக விரும்பினேன், அவசரமாகவே நிழலுலகில் விழுந்தேன் என்று அவனே பேசுவதாக வரிகள். வளர்ப்பு மகனுக்காக யானுவாரியுஸ் என்பவர் வைத்த கல் அது. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. இந்த ஆபத்து கதையிலும் தெரிய வேண்டும்.

பிகாவின் குறை, கூட்டம் காத்திருந்தது குவாட்ரிகாவுக்கு என்பது. அதை இறுதி அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: பிகாவில் வென்றவனுக்கு அணித்தலைவர் நான்கு குதிரைகளைக் காட்டட்டும்.

மூன்றாவது வழியும் உண்டு, நாயகனைக் களத்தில் தண்ணீர் தெளிக்கும் பையனாக்குவது. துப்பறியும் கதைக்கு நல்லது. சதிப்பேச்சு காதில் விழும், எதிரணிக் குதிரைகளின் பெயர் கீறிய ஈயச் சாபத்தகடு கையில் கிடைக்கும். ஆனால் பந்தயத்தை அவன் வெளியே நின்று பார்க்கத்தான் முடியும்.

எதைத் தேர்ந்தாலும் தேர் இலேசானதாக இருக்கட்டும். சினிமாவில் வரும் கனத்த தேர் வெற்றி ஊர்வலத்துக்கானது. 'தேர்' என்றதும் நம் வாசகருக்குக் கோயில் தேர் மனத்தில் வருமாதலால், ஒருவன் நிற்கும் அளவே இடமுள்ள வண்டி என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். சக்கரத்தில் அரிவாள் வேண்டாம். கொலோசியத்தில் பந்தயம் வேண்டவே வேண்டாம். ஊதா, பொன் அணிகள் பேரரசர் தொமிஷியன் சேர்த்தவை, அவர் காலத்துக்கு முந்தைய கதையில் நான்கு நிறம் மட்டும்.

கடிவாள வார்களை ஓட்டி இடுப்பில் சுற்றிக்கொள்வான், உடலைச் சாய்த்தே திருப்புவான். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடும். வாரை அறுக்க வளைந்த கத்தி உண்டு. இடக்கையில் வார், வலக்கையில் சாட்டை. சாட்டையை விட்டால்தான் கை கத்திக்குப் போகும். அந்த ஒரு நொடிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.