கார்ட்டூன் முகம் பழக: படியெடுப்பதா, வட்டம் போடுவதா, ஆளைப் பார்ப்பதா?

கார்ட்டூன் வரையப் பழக விரும்புகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களைப் பார்த்து அப்படியே படியெடுப்பது முதல் வழி. வட்டத்தையும் கோட்டையும் வைத்து உருவத்தைக் கட்டிக்கொண்டு வருவது இரண்டாவது. நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் போய் உட்கார்ந்துவிடுவது மூன்றாவது.

படியெடுப்பதில் கை பழகும், கோடு துணிவாக விழும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் படியெடுத்தே கழித்த எனக்கு, அதே ஆளைப் பக்கவாட்டில் திருப்பி வரையும்படி ஒரு நண்பர் சொன்ன அன்று கை நின்றுவிட்டது.

வட்டம் போடும் முறை அந்தக் குறையைத் தீர்க்கிறது. வட்டத்தின் நெடுக்கே ஒரு நடுக்கோடும் குறுக்கே ஒரு கண்கோடும் இழுத்து, கண்கோட்டைக் கீழ்நோக்கி வளைத்தால் தலை குனிகிறது, மேல்நோக்கி வளைத்தால் நிமிர்கிறது. உடலுக்கும் இதே கணக்குத்தான். வளர்ந்த மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் இருப்பார். அதை மூன்று தலையாகக் குறுக்கினால் அவரே கார்ட்டூன் ஆகிவிடுகிறார். ஆனால் இந்த முறையை மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பவர் வரையும் கூட்டத்தில் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல இருப்பார்கள்.

முகபாவத்தில்தான் போட்டி சூடுபிடிக்கிறது. 1845இல் சுவிட்சர்லாந்தின் படக்கதை ஓவியர் டோப்ஃபர், முகத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் ஆளின் குணமே மாறித் தெரிவதைக் கோட்டுப் படங்களால் காட்டினார். அதைப் பின்பற்றி, மூன்று வகைப் புருவங்களை மூன்று வகை வாய்களோடு மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஒரே தாளில் ஒன்பது முகங்கள் கிடைக்கும். எந்தெந்த உணர்ச்சியை வரைவது என்று பட்டியல் தேடி அலைய வேண்டியதில்லை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என்று தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணி வைத்திருக்கிறது. இவற்றில் வெகுளியும் அழுகையும் எளிதில் வந்துவிடும். நகைக்கும் உவகைக்கும் உள்ள வேறுபாட்டை வரைவதுதான் பாடுபடுத்தும். வாயை மட்டும் வளைத்தால் அது போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பாகவே நிற்கும். உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் எழுதியதை மனத்தில் கொண்டு, கீழிமையைச் சற்று மேலேற்றி, கண்ணோரத்தில் இரண்டு கீற்று போட்டுப் பாருங்கள்.

இத்தனையையும் கண்ணாடி முன் நின்றே பழகலாம் என்பார்கள். கண்ணாடி சொன்னபடி கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் தெரிவது நடிக்கிற முகம். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் யாரும் நமக்காக நடிப்பதில்லை, யாரும் அசையாமல் நிற்பதும் இல்லை. மிகைப்படுத்தலைப் பழகவும் மதுரையைச் சுற்றியே பாடம் இருக்கிறது. ஊரெல்லையில் நிற்கும் காவல் தெய்வச் சுதைச் சிலைகளின் உருட்டு விழியும் முறுக்கு மீசையும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் வெகுளி தெரிய வேண்டும் என்பதற்காகவே பெருக்கப்பட்டவை போலத் தோன்றும்.

உடலுக்கும் தலையின் திருப்பத்துக்கும் வட்டம், முகபாவத்துக்குத் தெரு என்பதே என் தேர்வு; படியெடுப்பதை மை போடப் பழகும் நாள்களுக்கு ஒதுக்கிவிடுவேன். டேப்லெட்டில் பழகுவோருக்கும் இதே வரிசை பொருந்தும் என்றாலும், அழித்துத் திருத்தும் வசதி தெருவில் வேகத்தைக் கெடுக்கும் என்பதால் அங்கே பால்பாயின்ட் பேனாவே மேல்.

ஒரு காலையில் அந்தச் சந்தையில் மல்லிகையின் விலையைக் குறைத்துக் கேட்டவருக்கு, பூக்காரம்மா தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஒரு புருவத்தை மட்டும் ஏற்றி, கீழுதட்டை ஒரு பக்கமாகப் பிதுக்கினார். என் நோட்டில் விழுந்தது அந்தப் புருவமும் உதடும் மட்டுமே. மூக்கு வரையக்கூட நேரமில்லை. வீட்டுக்கு வந்து, வட்டம் போட்டு, அளவெடுத்து அதே முகத்தைத் திருத்தமாக வரைந்தேன். புருவங்கள் இரண்டும் சமமாக அமைந்துவிட்டன. பேரத்துக்கு மசியாத அந்த அம்மாவை அதில் காணவில்லை.