டிராக் பேண்ட் பாக்கெட்டுக்கு எந்த மடக்குக் கத்தி?

ஜீன்ஸ் பாக்கெட்டில் 100 கிராம் கத்தியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றலாம், பெரிதாகத் தெரியாது. துணி தடிமன், இடுப்பில் பெல்ட் இருக்கிறது, பாக்கெட்டும் உடம்போடு ஒட்டி நிற்கும். அதே கத்தியை டிராக் பேண்டிலோ ஓடுவதற்கான ஷார்ட்ஸிலோ போட்டுப் பாருங்கள். நாலு எட்டு ஓடுவதற்குள் பாக்கெட் ஒரு பக்கம் தொங்கிவிடும். அடிக்கு ஒருமுறை தொடையில் வந்து இடிக்கும். எலாஸ்டிக் மெல்ல இறங்கும், நாடாவை மறுபடி மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் கத்தி வீட்டு மேஜை டிராயருக்குப் போய்விடும்.

கத்தி வாங்கப் போகிறவர்கள் என்ன எஃகு, அலகு எவ்வளவு நீளம், லாக் எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விளையாட்டு உடையில் வைத்துக்கொள்ளத்தான் கத்தி என்றால் முதல் கேள்வியை உடையிடம் கேட்க வேண்டும். இந்த பாக்கெட் எவ்வளவு எடையைத் தாங்கும்? ஜிப் இருக்கிறதா? துணி கிளிப்பைத் தாங்குமா? வியர்வை எங்கே தேங்குகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொன்னாலே கடையில் இருக்கும் கத்திகளில் முக்கால்வாசி கழிந்துவிடும். என் அனுபவத்தில் ஜிப் இல்லாத மெல்லிய பாக்கெட்டுக்கு 35 கிராம்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஓடும்போது கத்தி தன் இருப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். நடைக்கு மட்டும் என்றால் 50 கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்: அந்தக் கத்தியால் என்ன வெட்டப் போகிறீர்கள்? மைதானத்திலும் நடைபாதையிலும் வருகிற வேலைகள் சின்னச் சின்னவை. ஒட்டு டேப்பை அளவாக வெட்டுவது, புது டீ ஷர்ட்டில் உறுத்தும் லேபிளை எடுப்பது, நகம் கிழிந்தால் சீர்செய்வது, சைக்கிளில் கட்டிய பிளாஸ்டிக் டையை அறுப்பது, விளையாடி முடித்து ஆளுக்கு ஒரு துண்டு கொய்யா நறுக்குவது. தற்காப்புக்காகக் கத்தி வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. கைகலப்பில் வெளியே வரும் சின்னக் கத்தி யாரையும் காப்பாற்றுவதில்லை. இருவரையும் ரத்தத்தில் விட்டு, ஒருவரைச் சிறைக்கும் அனுப்பும். அந்த எண்ணத்தில் இருப்பவர் தயவுசெய்து கத்தி வாங்காதீர்கள்.

இனி கத்திகளுக்கு வருவோம்.

விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் தயாராகும் சின்னச் சிவப்புக் கத்தி, சாவிக்கொத்துகளில் பார்த்திருப்பீர்கள். மடக்கினால் 58 மி.மீ. நீளம், எடை 21 கிராம் அளவில். சிறிய அலகு, கத்தரி, நகம் தேய்க்கும் அரம், அதன் நுனியில் ஸ்குரூ டிரைவர், சாமணம், பல்குச்சி எல்லாம் இதற்குள்ளேயே. பலர் இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் அந்தக் கத்தரி.

பாட்மிண்டன் ஆடுபவர்களுக்கு இது உடனே புரியும். ராக்கெட்டில் புது ஓவர்கிரிப்பை, அதாவது பிடியின் மேல் சுற்றும் நாடாவை, அடியிலிருந்து இழுத்துச் சுற்றிக்கொண்டு மேலே வந்ததும் மீதி நாடாவைச் சாய்வாக நறுக்கி, அதன் மேல் டேப் ஒட்ட வேண்டும். நறுக்கிய கோடு ராக்கெட்டின் தண்டைச் சுற்றி நேராக அமைந்தால்தான் டேப் பிடிக்கும், இல்லையென்றால் மூன்றாம் நாளே ஓரம் கிளம்பிவிடும். ஓவர்கிரிப் ரப்பர் மாதிரி இழுபடும் பொருள். எவ்வளவு கூரான கத்தியை வைத்தாலும் அலகுக்கு முன்னால் நீண்டு, சுருங்கி, பல் பல்லாகக் கிழியும். கிளாசிக்கின் கத்தரி இரண்டு கடியில் சுத்தமாக முடித்துவிடும். குதிகால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வட்டமாக வெட்டுவதும் அப்படித்தான். மூலையை வட்டமாக்கி ஒட்டினால் சாக்ஸில் மாட்டி உரியாது. கத்தியால் வட்டம் வெட்ட முடியாது.

குறைகளும் உண்டு. அலகுக்கு லாக் கிடையாது, வெறும் ஸ்பிரிங் பிடிமானம்தான். அழுத்தி வெட்டினால் விரல் மேல் மடங்கும். அலகு சின்னது என்பதால் முழு ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் பாதியில் நிற்கும். நகக்குழியில் நகத்தை வைத்துத்தான் திறக்க வேண்டும், வியர்த்த விரலுக்கு அது வழுக்கும். கிளிப்பும் இல்லை. ஆனால் ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டைக்குள் சாவிக்கென்று ஒரு குட்டிப் பை தைத்திருப்பார்களே, அதில் இது கச்சிதமாக உட்காரும். அங்கே ஓடினாலும் குதித்தாலும் அசையாது. இதே கத்தி அலுமினியப் பிடியோடும் வருகிறது, அலாக்ஸ் என்பார்கள். சாமணமும் பல்குச்சியும் அதில் இல்லை, எடை 17 கிராம், பருமனும் குறைவு. உடம்போடு ஒட்டிய டைட்ஸ் போடுபவர்கள் அலாக்ஸையே பார்க்கலாம், வெளியே புடைக்காது.

அடுத்தது ஸ்பைடர்கோ டிராகன்ஃபிளை 2. நான் மனசாரப் பாராட்டும் கத்தி. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த இந்த நிறுவனம்தான் 1981இல் பாக்கெட் விளிம்பில் கிளிப்பால் மாட்டும் மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து, அலகில் ஒரு வட்டத் துளை போட்டு, ஒற்றைக் கட்டைவிரலால் திறக்கும் முறையையும் பரப்பியது. டிராகன்ஃபிளை ஜப்பானின் செக்கி நகரில் தயாராகிறது. நார் கலந்த நைலான் பிடி, 57 மி.மீ. அளவு அலகு, மொத்தம் 34 கிராம். நான் சொன்ன எல்லைக்குள் நிற்கிறது, பிடிக்கவும் முழுக்கத்தி மாதிரி இருக்கிறது. ரகசியம் அலகின் அடியில் இருக்கும் வளைவு. ஆள்காட்டி விரல் அந்த வளைவில் போய் உட்கார்ந்துவிடுவதால் மீதி மூன்று விரலுக்குப் பிடி போதும். கை ஈரமாக இருந்தாலும் முன்னால் வழுக்காது. கொய்யாவை நாலாகப் பிளக்கவும், நெட் கட்டிய நைலான் கயிற்றை அறுக்கவும் யோசிக்கவே வேண்டாம்.

லாக் பிடியின் முதுகில் இருக்கிறது. அதன் ஸ்பிரிங், திறந்த அலகைத் திறந்தே வைக்கிறது. மடக்கிய அலகை மூடிய பக்கமே இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது குணம்தான் நமக்கு முக்கியம். பாக்கெட் குலுங்கிக்கொண்டே இருக்கும் உடையில் கத்தி தானாகத் திறக்காது என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். கட்டைவிரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் எதுவும் இல்லாமல் துளை மட்டும் இருப்பதால், வலைத்துணி உள்பையில் மாட்டி இழுபடவும் வாய்ப்பு குறைவு.

வியர்வை உப்பு நீர். இரும்புக்கு இதைவிட எதிரி இல்லை. டிராகன்ஃபிளையின் வழக்கமான விஜி-10 எஃகு துருவைத் தாங்கும் ரகம்தான், ஆனால் நனைந்த ஷார்ட்ஸோடு துணிக்கூடையில் ஒரு வாரம் கிடந்தால் புள்ளி விழக்கூடும். இதே கத்திக்கு ‘சால்ட்’ என்றொரு வகை உண்டு. கடலில் வேலை செய்பவர்களுக்கானது, அதில் ஹெச்-1, பிறகு ஹெச்-2 என்ற எஃகைப் போட்டார்கள். வழக்கமான எஃகில் கார்பன் செய்யும் வேலையை இதில் பெரும்பாலும் நைட்ரஜன் செய்வதால் உப்புநீரிலும் துரு அண்டாது. பல் இல்லாத நேர் விளிம்பில் கூர் சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மை. மைதானத்துக் கத்திக்கு அது பெரிய இழப்பில்லை, சாணைக்கல்லில் நாலு இழுப்பு போதும். தினமும் வியர்க்க விறுவிறுக்க ஓடுபவர் என்றால் சால்ட் வகையைத்தான் வாங்கச் சொல்வேன்.

பெஞ்ச்மேட் பக்அவுட் 2017இல் வந்தது. மலையேறிகளுக்காக எடையைக் குறைத்துச் செய்தது. 82 மி.மீ. அலகுக்கு 52 கிராம் என்பது அசாத்தியமான சாதனை, அதை மறுக்கவே முடியாது. குறுக்குக் கம்பி லாக்கை இருபுறமும் இழுத்துத் திறக்கலாம், இடது கைக்காரருக்கும் வசதி. எஸ்30வி எஃகு கூரை நீண்ட நாள் பிடித்து வைக்கும். இங்கே பேசும் கத்திகளில் வெட்டுவதற்கு மிகச் சிறந்தது இதுதான். இருந்தும் டிராக் பேண்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய பாலியெஸ்டரில் 52 கிராம் ஆடும், அலகின் இருபக்கமும் இருக்கும் குமிழ்கள் வலைத்துணியைத் தேடிப்போய் மாட்டும், 82 மி.மீ. அலகுக்கு அங்கே வேலையும் இல்லை. மினி பக்அவுட் கொஞ்சம் பரவாயில்லை, 42 கிராம் அளவு, அலகு 72 மி.மீ. ஜிப் வைத்த தடிமனான டிராக் பேண்டில் நடைக்குப் போகிறவர் அதை எடுக்கலாம். விலை கிளாசிக்கைப் போலப் பல மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். ஓடும்போது விழுந்து தொலைகிற பொருள் இது.

ஓபினெல் 6ஆம் எண். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கிய குடும்பத்தின் கத்தி. 7 செ.மீ. அலகு, மரப்பிடி, எடை 30 கிராமைச் சுற்றி. கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் லாக். 1955இல் வந்த அந்த வளையம், 2000க்குப் பிறகு மூடிய நிலையிலும் அலகைப் பூட்டும்படி மாற்றப்பட்டது. குலுங்கும் பாக்கெட்டுக்கு இது பெரிய நிம்மதி. பழம் நறுக்க இதன் மெல்லிய அலகுக்கு ஈடு இல்லை, விலையும் மலிவு. எங்கே சறுக்குகிறது என்றால் மரத்தில். ஈரம் ஏறினால் பீச் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும், திறக்க விரல் நோகும். கிளிப் இல்லாத உருண்டைப் பிடி பாக்கெட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும். பூங்காவில் நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து பழம் தின்பவருக்கு ஏற்றது. வியர்த்து ஓடுபவருக்கு இல்லை. வாங்கினால் துருப்பிடிக்காத எஃகு வகையையே கேளுங்கள், கார்பன் எஃகு வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர்களின் இன்னொரு கத்தி டீஜோ. 15, 27, 37 என்று எடையையே மாடலின் பெயராக வைத்திருக்கிறார்கள். தட்டையாக இருக்கும், பார்க்க அழகு. எலும்புக்கூடு போன்ற அந்தப் பிடி அழுத்தி வெட்டும்போது உள்ளங்கையை உறுத்தும். இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கிளிப் பற்றி ஒரு வார்த்தை. கடைப் படங்களில் இடுப்பு எலாஸ்டிக்கில் கிளிப்பை மாட்டிக் காட்டுவார்கள். கத்தியை அங்கே மாட்டாதீர்கள். குனிந்து நிமிரும்போது எலாஸ்டிக் விரியும், கிளிப் நழுவும். நீங்கள் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு மேலேயே கத்தி அழுந்தும். மெல்லிய பாக்கெட் விளிம்பிலும் கிளிப்பின் அடியில் பிடி சொரசொரப்பாக இருந்தால், எடுத்து எடுத்து வைப்பதில் துணி பிசிறடித்துவிடும். ஜிப் பாக்கெட் இருந்தால் அதற்குள் போட்டு ஜிப்பை மூடுவதே நல்லது. பக்கவாட்டுப் பையைவிட, ஓடும் ஷார்ட்ஸின் முதுகுப்பக்க நடுப் பை இன்னும் மேல். உடம்பு குலுங்குவது அங்கேதான் குறைவு.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும், இது ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் ஆயுத வரிசையில் வருகின்றன, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதிலும் சேராது. நாம் பேசும் கத்திகள் அந்த அளவின் பக்கத்திலேயே வராது. ஆனாலும் ஸ்டேடியம், மெட்ரோ, மால் வாசல்களில் சோதனையில் வாங்கி வைத்துவிடலாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். லாக் இருந்தால் அளவு சின்னதாக இருந்தாலும் தக்க காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது காரணமாக எடுபடாது. அப்படிப் பார்த்தால் டிராகன்ஃபிளையும் ஓபினெல் 6ஆம் எண்ணும் அங்கே கழிந்துவிடும், கிளாசிக் நிற்கும். கொஞ்சம் பெரிய அலகு வேண்டுமென்றால் ஸ்பைடர்கோவே அந்த நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்து லாக் இல்லாமல் செய்த யூகே பென்நைஃப் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து லாக் ஆகும் கத்திகளைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. சிங்கப்பூரில் நியாயமான தேவை இல்லாமல் பொது இடத்தில் கத்தியோடு போவதே வம்பு. அங்கே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

என்னைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்குக் கிளாசிக் போதும், அதிலும் வேலையில் முக்கால்வாசி கத்தரியுடையது. மீதி இருவர் காட்டுப் பாதையில் ஓடுபவர், நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர் போன்றோர். அவர்களுக்கு லாக் உள்ள நிஜ அலகு தேவைப்படும், டிராகன்ஃபிளை சால்ட் வாங்கட்டும். எதை வாங்கினாலும் ஷார்ட்ஸை வாஷிங் மெஷினில் போடும் முன் கத்தியை எடுத்து, நல்ல தண்ணீரில் திறந்து மூடி அலசி, துடைத்துக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதலில் துருப்பிடிப்பது அலகு இல்லை. கிளாசிக் என்றால் கத்தரியின் குட்டி ஸ்பிரிங், கிளிப் உள்ளவற்றில் கிளிப்பின் திருகுகள். துடைக்கும்போது அவற்றைப் பாருங்கள்.