திருகோணமலையில் வீடு: ஓட்டுக் கூரையா, கொங்கிறீற் தட்டா?

உப்புவெளிப் பக்கம் வீடு கட்டுவோர் கூரையைத் தீர்மானிக்க முன் கச்சான் காற்றை, அதாவது வரண்ட மாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்றை, நினைக்கவேண்டும். அந்த வரண்ட மாதங்களில் கொங்கிறீற் தட்டு பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவில் அறைக்குள் விடுகிறது. படுக்கப் போகும் நேரத்திலும் புழுங்கும். முற்றிய பனஞ்சிலாகையில் (பனைமரச் சட்டத்தில்) வேய்ந்த ஓட்டுக் கூரையில் சூடு மேலேறி, ஓட்டிடுக்குகளால் வெளியேறும். தாழ்வாரத்தை நீட்டிவிட்டால் சுவரிலும் வெயில் படாது. நடுவில் முற்றம் வைத்த பழைய வீடுகளுக்குள் போய் நின்று பாருங்கள், உடம்பே சொல்லும்.

உப்புக் காற்று இன்னொரு பிரச்சினை. அது கொங்கிறீற்றுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும். தட்டு வெடித்து உதிரும். கம்பியை மூடும் கொங்கிறீற் தடிப்பில் மேசன் கஞ்சத்தனம் பார்த்தால் கேடு சீக்கிரம் வரும்.

புயலுக்குத் தட்டுத்தான் பலம். 1964 டிசம்பர் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. ஓடு போடுவதென்றால் கூரை மரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு இறுக்கவேண்டும். வாடை மழைக்கு முன் உடைந்த ஓடுகளையும் மாற்றவேண்டும். மேல்மாடி எண்ணம் உள்ளவர்களுக்கும் தட்டே வழி.

நான் ஓட்டின் பக்கம். குளியலறைக்கு மேல் மட்டும், தண்ணீர்த் தாங்கி வைக்க, சின்னத் தட்டு போடுவேன்.