ஐயாவின் இரண்டு வெள்ளியும் என் பதினோரு வருடத் தராசும்

2014 பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய ஓவல்டின் டப்பா கிடைத்தது. எங்கள் ஐயாவுடையது. காரைக்குடிப் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, போர் முடிந்ததும் ஊர் திரும்பியவர். டப்பாவுக்குள் சில்லறைச் செப்புக் காசுகளோடு உள்ளங்கையை நிறைக்கிற இரண்டு பெரிய காசுகள் கிடந்தன. அப்பத்தா அவற்றைக் கையில் வாங்கி, "இது ஐயாவோட வெள்ளிடா" என்றார். மலேயாத் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டிலும் ஒரு பெண் சூலாயுதமும் கேடயமும் பிடித்து நிற்கிறாள், பின்னால் ஒரு கப்பல். மறுபக்கம் சீன எழுத்து, அரபி எழுத்தில் மலாய். ஒன்றில் 1902, மற்றதில் 1908. இது என்ன காசு, உண்மையானதா என்று தேடப் போய்த்தான் இந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. பதினோரு வருடமாக நான் பயன்படுத்தும் கருவிகளில் எது உதவியது, எது ஏமாற்றியது என்று புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது தராசு. நகைக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் தராசுதான், 0.01 கிராம் வரை காட்டும். ஆயிரம் ரூபாய்க்குள் வந்தது. இதைவிடப் பயனுள்ள பொருளை நான் இந்தத் துறையில் வாங்கியதில்லை. ஐயாவின் காசு பிரிட்டிஷ் டிரேட் டாலர் என்று கண்டுபிடித்ததும் அதன் விவரங்களைப் படித்தேன். 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது. எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. சீனத் துறைமுகங்களிலும் ஹாங்காங்கிலும் மலேயாவிலும் புழங்கியது. 1902-ஐ தராசில் வைத்தேன், 26.87. கை மாறித் தேய்ந்ததற்குச் சரியான எடை. 1908-ஐ வைத்தேன். 24.31 காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தேன். அதே 24.31. புழக்கத்தில் தேய்ந்து இரண்டரை கிராம் குறைய வேண்டுமானால் அந்தப் பெண்ணின் முகமே காணாமல் போயிருக்க வேண்டும். இதில் முகம் தெளிவாக இருந்தது.

தராசைப் பற்றி அனுபவத்தில் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். மின்விசிறிக்குக் கீழே எடை போடக் கூடாது, கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும்போது எச்சரிக்கை வருவதற்கு முன்பே எடை பிசகத் தொடங்கிவிடும். என் முதல் தராசு ஐந்தாவது வருடத்தில் 0.08 கிராம் கூடுதலாகக் காட்டத் தொடங்கியது, நான் கவனிக்கச் சில மாதங்கள் ஆயின. 2019-ல் வேறு வாங்கினேன். அப்போதிருந்து, அதிகம் புழங்காத பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசுகள் ஐந்தை ஒரு டப்பியில் வைத்திருக்கிறேன். செப்பு நிக்கலில் அடித்த அந்தக் காசு ஒவ்வொன்றும் 9 கிராம். எடை போட உட்காரும்போதெல்லாம் முதலில் அந்த ஐந்தும் தட்டில் ஏறும். 45-க்குப் பக்கத்தில் வந்தால்தான் மற்ற வேலை.

ஆனால் எடையை மட்டும் நம்பி நான் செய்த தவறு இன்னும் மனதில் இருக்கிறது. 2016-ல் மதுரையில் ஒரு கண்காட்சியில் நீரிணைக் குடியேற்றத்தின் டாலர் ஒன்று கிடைத்தது. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றம் அது. ஏழாம் எட்வர்ட் தலை, 1907. ஐயா கையில் புழங்கியிருக்கக்கூடிய காசு என்று ஆசையாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து எடை போட்டால் 20.17. நான் குறித்து வைத்திருந்த எடை 26.95. போலி என்று முடிவு கட்டி, மறுநாளே பஸ் ஏறிப் போய், விற்றவரிடம் நாலு பேர் முன்னால் கொஞ்சம் கடுமையாகவே பேசித் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். பிறகுதான் முழு விவரமும் படித்தேன். அந்த டாலர் 1903-லும் 1904-லும் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறியதால் 1907-ல் அதை 20.21 கிராமுக்குச் சிறிதாக்கினார்கள். 1919-ல் மறுபடியும் குறைத்து 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். அதாவது என் கையில் இருந்தது அசல். அடுத்த வருடக் கண்காட்சியில் அவரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். காசு அதற்குள் வேறு கைக்குப் போய்விட்டது.

அதிலிருந்து எந்தக் காசானாலும் நாடு, மதிப்பு, வருடம் மூன்றும் உறுதியான பிறகுதான் எடையை ஒப்பிடுகிறேன். வருடம் கண்டுபிடிப்பதே தனி வேலை. தாய்லாந்துக் காசில் இருப்பது புத்த ஆண்டு, 543 கழிக்க வேண்டும். நேபாளத்தில் விக்ரம ஆண்டு, 57 கழித்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஜப்பானியக் காசில் மன்னர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது வருடம் என்று இருக்கும். ஷோவா என்றால் 1925-ஐயும் மெய்ஜி என்றால் 1867-ஐயும் கூட்ட வேண்டும். ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். இவற்றை ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நியூமிஸ்டா தளத்தில் எடை, விட்டம், உலோகம் எல்லாம் வருடவாரியாகக் கிடைக்கின்றன. என் கணக்கில் தராசுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். போனில் படம் பிடித்தால் காசின் பெயர் சொல்லும் செயலி ஒன்றையும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். படிக்கத் தெரியாத எழுத்து எந்த நாட்டுடையது என்று தெரிந்துகொள்ள உதவியது. அசலா போலியா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை, அது சொல்லும் விலையையும் நம்ப முடியாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. செலவே இல்லாதது, ஆனாலும் பலர் செய்வதில்லை. தராசின் மேல் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு ஒரு எடை காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. டிரேட் டாலரின் வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். ஐயாவின் 1902 தண்ணீரில் 2.61 காட்டியது, வகுத்தால் 10.3. 1908-க்கு 2.81, வகுத்தால் 8.65. ஜெர்மன் சில்வர் பாத்திரத்துக்கு வருவதும் கிட்டத்தட்ட இதுதான். லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தபோது கோடுகளுக்கு நடுவே ஒரு ஒட்டுத் தழும்பு ஓடியது. சூலத்தின் நடு முனையில் பம்பாய்க்கு உரிய சிறிய பி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுதான் இருந்தது. வார்ப்பில் செய்த கள்ளக்காசு.

அதே லென்ஸில் 1902-ஐப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. அதன் மேல் இருந்த சின்னச் சின்ன வடுக்களை யாரோ ஆணியால் குத்திய சேதம் என்றே நினைத்திருந்தேன். அவை சீன வியாபாரிகள் காசைச் சோதித்து, நல்ல வெள்ளிதான் என்று அடித்த முத்திரைகள். நாலு முத்திரைகள் எண்ண முடிகிறது. எனக்கு முன்பே நாலு பேர் அதைக் கையில் வாங்கிச் சந்தேகப்பட்டுத் தெளிந்திருக்கிறார்கள்.

நம் ஊர் வெள்ளி ரூபாய்க்கும் இந்த இரண்டு சோதனைகளும் அப்படியே பொருந்தும். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எல்லாம் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக்கடையில் 'ரூபா எடை' என்று இன்றும் சொல்வது இந்த எடையைத்தான். தேய்ந்தவை 11.4 வரை வரும். 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், எடை மட்டும் மாறவில்லை. அதனால் 1940-களின் ரூபாய்க்கு அடர்த்தி 9.5 பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம்.

காந்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் போலி, அது சரி. ஆனால் 1947-ல் புலி போட்டு வந்த ரூபாய் தூய நிக்கல். அசல் காசுதான் 'டக்' என்று ஒட்டும். என் நண்பர் ஒருவர் நல்ல 1947 ரூபாய்கள் மூன்றை இந்தக் காரணத்துக்காகவே சல்லிசாகக் கொடுத்துவிட்டார். காசைச் சுண்டி ஓசை கேட்பதை நான் விட்டுவிட்டேன். கீறல் விட்ட நல்ல காசும் மொட்டையாகத்தான் ஒலிக்கும். கணினியில் செருகிப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பும் ஒன்று வாங்கினேன், படம் பிடித்து வைக்கத்தான் பயன்பட்டது. பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல லென்ஸும் பகல் வெளிச்சமும் போதும்.

தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது 1818 என்று போட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா. லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது கம்பெனி அடித்த காசே இல்லை. அதற்குப் பலர் சொல்லும் காரணம், வெள்ளைக்காரன் சாமி படம் போட மாட்டான் என்பது. அது தவறு. சென்னையில் கம்பெனி அடித்த 'மூன்று சாமி வராகன்' என்ற தங்கக் காசில் பெருமாள் இரு தேவியரோடு நிற்கிறார். உண்மையான காரணம் மதிப்பில் இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் அரையணா, காலணாக் காசுகள் உண்டு, ஒரு அணாவுக்குத் தனிக் காசு கிடையாது. அது ஏழாம் எட்வர்ட் காலத்தில்தான், செப்பு நிக்கலில், அலை அலையான விளிம்போடு வந்தது. பூஜை அறையில் வைத்துக் கும்பிடுகிறவர்களிடம் நான் இதை மெதுவாகத்தான் சொல்வேன். கும்பிடுவதில் ஒரு குறையும் இல்லை, அதை நம்பி யாரிடமும் முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள் என்பேன். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்க விற்கக் கமிஷன் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

எல்லாச் சோதனையையும் தாண்டிவந்த ஒரு போலியையும் பார்த்திருக்கிறேன். 1939 ரூபாய் மிக அரிது. 2021-ல் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். எடை 11.63, தண்ணீர்ச் சோதனையில் அடர்த்தி 10.3, காந்தத்தில் ஒட்டவில்லை. கை நடுங்கியது, முன்பணம் எடுக்க எழுந்தேன். அப்புறம் என்னிடம் இருந்த சாதாரண 1938 ரூபாயை எடுத்துப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். 1938-ல் இருக்கும் 9 எப்படி வளைகிறது என்று பார்த்துவிட்டு இவர் காசின் இரண்டு 9-களையும் பார்த்தால், முதல் 9 அச்சு அசலாக அதே வளைவு. கடைசி 9-ன் வால் மெலிந்து, உள்பக்கம் உளிபட்ட கோடு தெரிந்தது. அசல் 1938 ரூபாயில் 8-ன் ஒரு பக்கத்தைச் செதுக்கி 9 ஆக்கியிருக்கிறார்கள். காசு அசல், அதனால் தராசும் தண்ணீரும் உண்மையைத்தான் சொல்லின. வருடம் மட்டும் பொய்.

அன்றிலிருந்து, ஒரு வகையில் அரிதான காசைத் தேடுவதற்கு முன் அதே வகையில் மலிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத காசு ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறேன். ஆசாரிக்கு உரைகல் எப்படியோ எனக்கு அது அப்படி. இப்போது இப்படி நாற்பது காசுகள் தனிப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் மூன்று, தரச்சான்று நிறுவனங்கள் பிளாஸ்டிக் உறையில் மூடி எண் போட்டுத் தந்தவை. உறையையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால் அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கிருக்கும் படத்தோடு காசின் கீறல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே வாங்கினேன்.

இன்னொன்று, காசைக் கழுவாதீர்கள். அம்மா அன்பாக ஐயாவின் செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார்கள். நூறு வருடமாக ஏறியிருந்த அந்தப் பழுப்பு நிறம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது, இனி வராது. மலிவான பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். இரண்டு மழைக்காலத்தில் என் நிக்கல் காசுகள் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்தது. அசிட்டோனில் ஊறவைத்துத்தான் எடுத்தேன். இப்போது எல்லாம் அட்டைச் சட்டத்துக்குள்.

1907 டாலர் ஒன்று 2023-ல் மறுபடியும் கைக்கு வந்தது, முன்பு கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை. எடை 20.15. ஐயாவின் 1902-க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 1908-ம் அதே வரிசையில்தான் இருக்கிறது. அதன் அட்டையில் '24.31 கிராம், வார்ப்பு, ஐயாவுடையது, விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். பினாங்கில் யாரிடம் ஏமாந்து அதை வாங்கினார், தெரிந்தே வைத்திருந்தாரா என்று கேட்க இப்போது அப்பத்தாவும் இல்லை.