தமிழ் வரிக்கும் கட்டத்துக்கும் எது நல்லது: மியூஸ்ஸ்கோரா, லில்லிபாண்டா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பாடகர் குழுவுக்கு நாலு குரலில் கீர்த்தனை எழுதித் தருகிறவர்களுக்குத் தெரியும், சுரத்தை விடத் தமிழ் எழுத்துதான் அதிக நேரம் தின்னும். மியூஸ்ஸ்கோர், லில்லிபாண்ட் இரண்டுமே இசைக்குறியீடு எழுத உதவும் இலவச மென்பொருள்கள்.

மியூஸ்ஸ்கோரில் ‘பல்லவி’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, பண்புகள் பலகையில் சதுரமோ வட்டமோ போட்டால் கண்முன்னே அதைச் சுற்றிக் கட்டம் விழும். ‘ல்’லின் புள்ளி மேல்கோட்டில் முட்டினால் உள் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், சரியாகிவிடும். அதன் இயல்பான எழுத்துரு எட்வினில் தமிழ் இல்லை. அதனால் உரை ஸ்டைலிலேயே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்துவிடுவது நல்லது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த வரிகளை ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு முந்தின ராத்திரி நான் பட்ட பாடு அது. அப்புறம் பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புகிறேன்.

லில்லிபாண்டில் எல்லாம் கட்டளைதான். ‘பாக்ஸ்’ என்று எழுதினால் கட்டம், ‘சர்க்கிள்’ என்றால் வட்டம். பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கோப்பை ஓட்ட வேண்டும், பழகப் பொறுமை வேண்டும். ஆனால் எழுத்துருவையும் கட்டத்தின் இடைவெளியையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, நாற்பது கீர்த்தனைகளிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் புத்தகம் முழுக்க மாறும். மியூஸ்ஸ்கோரிலும் ஸ்டைலைச் சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் ஏற்ற வேண்டும்.

ஞாயிறு ஆராதனைக்கு ஒரு பாட்டு என்றால் மியூஸ்ஸ்கோர். சபைக்குப் பாட்டுப் புத்தகமே போடுவதானால் நான் லில்லிபாண்டைத்தான் எடுப்பேன்.