பென் தான் சந்தைப் பக்கத்து நகைக்கடையில் டாலர் மாற்றினேன்

31 வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். பணம் மாற்றும் கடை என்றால் ரேட்டோடு எண்ணுகிற கையையும் பார்ப்பேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் இறங்கியதும், டாக்ஸிக்காக ஏர்போர்ட் கவுண்டர் ஒன்றில் 50 டாலர் மாற்றினேன். ரேட் டாலருக்கு 25,600 டாங், அதுதான் அந்த ஊர்ப் பணம். ஆக 12,80,000 டாங் வர வேண்டும். கவுண்டர் பெண் சரசரவென்று இரண்டு தடவை எண்ணி, மடித்துக் கையில் வைத்தாள். "பின்னால ஆள் நிக்கிறாங்க, வா" என்றார் வீட்டுக்காரர். நான் நகரவில்லை. அங்கேயே பிரித்து எண்ணினேன். 12,30,000தான் இருந்தது. இளஞ்சிவப்பு 50,000 ஒன்றைக் காணோம். கால்குலேட்டரில் தட்டிக் காட்டியதும், ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினாள். நம் காசுக்கு 165 ரூபாய். கை தவறியதா, கைப்பழக்கமா, அவளுக்கே வெளிச்சம்.

அடுத்து ஏடிஎம். எனக்கு வாய்த்த இயந்திரம் ஒரு தடவைக்கு 20 லட்சம் டாங்குக்கு மேல் தரவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் அதற்கு ஒரு கட்டணம், நம் வங்கிக்கு இன்னொன்று. போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பென் தான் சந்தையை ஒட்டிய நகைக்கடை. அங்கே நகைக்கடைகளில் டாலர் மாற்றுவது சகஜம். ஆனால் உரிமம் உள்ள கடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2018இல் கன் தோ நகரத்தில் உரிமமில்லாத நகைக்கடையில் ஒரே ஒரு 100 டாலர் தாளை மாற்றிய ஒருவருக்கு 9 கோடி டாங் அபராதம் போட்டார்கள். பெரிய சலசலப்பாகி, பிறகு அதைத் தள்ளுபடி செய்தார்கள்.

நான் போன கடையில் ரேட் 26,050. ஐந்து 100 டாலர் தாள்களை வைத்தேன். கடைப் பெண் ஒவ்வொன்றிலும் படத்திலிருக்கும் ஃபிராங்க்ளினின் தோள்பட்டைக் கோட்டை நகத்தால் வருடினாள். அங்கே மை மேடு தட்டும், அசல் நோட்டுக்கு அது ஒரு அடையாளம். நான்காவது தாளைத் தள்ளி வைத்தாள். ஓரத்தில் பேனாவால் பொடியாக ஒரு டிக். ஊரில் மாற்றித் தந்தவர் போட்டதாக இருக்கும். நானும் எத்தனை கட்டின் மேல் எண்ணிக்கை எழுதியிருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது. நல்லவேளை, பையில் ஆறாவது தாள் இருந்தது. டாலர் வாங்கும்போதே கீறல், மடிப்பு, எழுத்து இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் 100 டாலர் தாளாக. சிறிய தாளுக்கு ரேட்டைக் குறைக்கிறார்கள்.

இனி எண்ணிக்கை. 1,30,25,000 டாங். பெரிய டாங் நோட்டெல்லாம் பிளாஸ்டிக். புதுசு என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டு எண்ணுகிற நம் வித்தை அதில் பலிக்காது. அவள் கட்டை விசிறி போல ஒரு உதறு உதறிவிட்டு இயந்திரத்தில் விட்டாள். எண் தெரிகிற பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். அப்புறம் பத்துப் பத்தாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கையாலும் ஒரு தடவை எண்ணினாள். எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் இந்தப் பெண்ணை முதல் நாளே கவுண்டரில் உட்கார வைத்திருப்பேன். அந்த வேலைக்கு முழு மார்க்.

ஒரே குறை, சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறாள். கெஞ்சித்தான் இரண்டு லட்சம் தாள் பத்தும் ஒரு லட்சம் தாள் பத்தும் வாங்கினேன். வேறு வழியில்லை. சாலையோரக் கடையெல்லாம் க்யூஆர் அட்டை தொங்குகிறது, நம் ஃபோனுக்கு அது ஆகவில்லை.

அங்கிருந்து நடந்தே தோன் தத் தியெப் தெரு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தார் வட்டித்தொழில் செய்த வட்டாரம். அந்தக் காலத்துப் பணமான பியாஸ்தரை எண்ணிய கைகள் எத்தனையோ!

வெளியே வந்து இளநீர் குடித்தோம். 20,000 என்று நினைத்து வீட்டுக்காரர் ஐந்து லட்சத்தை நீட்டினார். இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இளநீர்க்காரர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் தந்து, அவர் கையிலிருந்த கட்டில் சரியான தாளைத் தானே உருவிக்கொண்டார். அன்றிலிருந்து ஐந்து லட்சமெல்லாம் என் பர்ஸில்தான்.